டேப்பெட் சத்தமும் ஒரு ஸ்பிரிங்கின் வரலாறும்

சித்தப்பா வைத்திருந்த அம்பாசிடர் மார்க் 4 இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. பத்து வருஷம் ஓடாமல் ஷெட்டில் கிடந்த வண்டி. அதற்கு முன்னாடி ஆயில் மாற்றாமலே ஓட்டிய பெருமையும் எங்கள் குடும்பத்துக்கு உண்டு. போன வருஷம் அதை ஸ்டார்ட் பண்ணியபோது தையல் மெஷின் மாதிரி டக்டக் என்று ஒரு சத்தம். "டேப்பெட் அடிக்குது" என்றார் தெருமுனை மெக்கானிக் அண்ணன். டேப்பெட் வைத்தோம். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

"ராக்கர்ல குழி விழுந்திருக்கும் சார். எட்டையும் மாத்திடுங்க. அப்படியே ஸ்பிரிங்கும் புதுசு போட்டுடுங்க. நீங்களே வீட்ல பண்ணலாம்."

நான் சாஃப்ட்வேர் ஆள். இன்ஜினீயரிங் படித்தவன்தான், ஆனால் ஒரு இன்ஜினைத் திறந்து பார்த்ததில்லை. இருந்தாலும் இரண்டு சனி ஞாயிறுகளில் அந்த வேலையை முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. நான் தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் இன்னொரு காரில் வால்வு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இந்தப் பழைய இன்ஜின் மட்டும் ஏன் "வா, வந்து திற" என்று கூப்பிடுகிறது?

தேடிப் படித்ததில் கிடைத்த பதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த இன்ஜினைக் கட்டியவர்களின் தாராள மனசு அதற்குக் காரணமில்லை. காரணம், உடைந்துபோகும் ஸ்பிரிங்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு வால்வு. ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும். இன்னொன்று புகையை வெளியே விடும். கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் உள்ள தண்டு. அம்பாசிடர் மாதிரி இன்ஜின்களில் அது கீழே, பிளாக்குக்குள் இருக்கும். அதன் மேடு ஒரு புஷ் ராடை மேலே தள்ளும். புஷ் ராடு, ராக்கர் ஆர்மின் ஒரு முனையைத் தூக்கும். சீசா பலகை மாதிரி மறுமுனை இறங்கி வால்வை அழுத்தித் திறக்கும்.

சரி, மூடுவது யார்? ஸ்பிரிங்தான். கேம் திறக்க மட்டுமே செய்யும். மேடு இறங்கும்போது வால்வை இழுத்து மேலே கொண்டுவந்து, அடுத்த முறை வரைக்கும் இறுக்கமாக மூடி வைப்பது ஸ்பிரிங்கின் பொறுப்பு. 3000 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு வால்வு நிமிஷத்துக்கு 1500 தடவை திறந்து மூடும். அதாவது விநாடிக்கு 25 தடவை. அப்படியே 100 மணி நேரம் ஓடினால் 90 லட்சம் தடவை. இதில் ஒரு தடவைகூட ஸ்பிரிங் சோர்ந்துபோகக் கூடாது. உடைந்தால் வால்வு தொளதொளவென்று தொங்கும். சில இன்ஜின்களில் சிலிண்டருக்குள்ளேயே விழுந்து, மேலே வரும் பிஸ்டனில் இடித்து, எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிடும்.

தானாகவே திறந்த வால்வு

ஆரம்பகால இன்ஜின்களில் இந்தப் பிரச்சினை பாதிதான் இருந்தது. 1885ல் டைம்லரும் மேபாக்கும் செய்த சின்ன பெட்ரோல் இன்ஜினிலும், 1895ல் பிரான்சில் வந்த டி தியோன் பூத்தோன் இன்ஜினிலும் உள்ளே விடும் வால்வுக்குக் கேம் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலிலேயே அந்த வால்வு திறந்துகொள்ளும். அதைத் திரும்ப மூட மெல்லிசான ஒரு ஸ்பிரிங் போதும். பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைம்லரின் இன்ஜின் ஓடியது சுமார் 600 ஆர்.பி.எம். வேகத்தில். அந்த வேகத்துக்கு இது தாங்கும். ஆனால் வேகம் கூடக் கூட, உறிஞ்சலை நம்பியிருக்கும் வால்வு தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். வேகமும் சக்தியும் வேண்டுமென்றால் இரண்டு வால்வையும் கேம்தான் இயக்க வேண்டும். கேம் வேகமாகத் தள்ளினால் ஸ்பிரிங்கும் அதே வேகத்தில் திருப்பித் தள்ள வேண்டும். அதற்குப் பலமான ஸ்பிரிங் தேவை. ஸ்பிரிங் பலமாக ஆக, அதன் கம்பியில் அழுத்தமும் ஏறும். அந்தக் காலத்து எஃகு அதற்குத் தயாராக இல்லை. ஸ்பிரிங் உடைவது அன்றைக்கு டயர் பஞ்சர் ஆவது மாதிரி ஒரு சாதாரண சமாசாரமாக ஆனது.

கைக்கு எட்டுகிற இடம்

உடையும் என்று தெரிந்த பொருளை எங்கே வைப்பீர்கள்? கைக்கு எட்டுகிற இடத்தில்தானே. அந்தக் கால இன்ஜினீயர்களும் அதைத்தான் செய்தார்கள்.

1904ல் ப்யூக் கொண்டுவந்த கார், வால்வுகளை சிலிண்டரின் தலைமேல் வைத்தது. அதன் புஷ் ராடும் ராக்கரும் மூடி இல்லாமல் வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருந்தன. இப்படித் திறந்து கிடந்த ராக்கர்களுக்கு ஆயில் கேனை எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஓட்டுபவரே எண்ணெய் விட வேண்டியிருந்தது. தூசி படியும், சத்தம் கேட்கும், எண்ணெய் தெறிக்கும். ஆனால் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் சாலையோரத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி வேறு வழியில் போனது. அதில் ராக்கரே கிடையாது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் தலைகீழாக நிற்கும், கேம் நேராகக் கீழேயிருந்து தள்ளும். ஸ்பிரிங்குகள் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். முதல் சில வருஷங்கள் அவற்றுக்கு மூடிகூட இல்லை. பிறகு கழற்றக்கூடிய தகடுகள் வந்தன. ஒரு நெம்புகோலால் ஸ்பிரிங்கை மேலே தூக்கி, வால்வுத் தண்டில் குறுக்கே இருக்கும் சின்ன பின்னை உருவினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். விவசாயி தன் களத்துமேட்டிலேயே பார்க்கக்கூடிய வேலை.

அதோடு நிற்கவில்லை. மாடல் டி வைத்திருந்தவர்கள் வேகத்துக்கு ஆசைப்பட்டபோது, அதன் ஹெட்டைக் கழற்றிவிட்டு ராக்கர் உள்ள ஹெட்டை மாட்டிக்கொள்ள வழி பிறந்தது. லூயி ஷெவ்ரலே சகோதரர்கள் விற்ற ஃபிரான்டினாக் ஹெட் ஒன்று. ரசீன் என்ற ஊரிலிருந்து வந்த ராஜோ ஹெட் இன்னொன்று. நம்ம ஊர் ராஜா இல்லை, ரசீன் ஊரின் முதல் எழுத்துகளோடு அதைச் செய்த ஜோ யேகர்ஸ்பர்கரின் பெயரையும் சேர்த்த பெயர் அது. வீட்டு ஷெட்டில் ராக்கர் மாட்டும் பழக்கத்துக்கு வயது நூறு ஆகிவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது.

மோட்டார் சைக்கிள்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெண்கள் தலையில் குத்தும் ஹேர்பின் வடிவத்தில் ஸ்பிரிங் செய்தார்கள். இங்கிலாந்தின் நார்ட்டன் பந்தய வண்டிகளில் இந்த ஹேர்பின் ஸ்பிரிங்குகள் ஹெட்டுக்கு வெளியே, காற்றுபடும்படி நிற்கும். வால்வின் சூடு நேராக ஏறாது, உடைந்தால் சுலபமாக மாற்றலாம். இத்தாலியின் டுகாட்டி தன் ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் 1970கள் வரைக்கும் இதையே வைத்திருந்தது.

ஸ்பிரிங் ஏன் உடைந்தது?

கம்பி வெறும் பாரத்தால் உடையவில்லை. திரும்பத் திரும்ப வளைந்த களைப்பில் உடைந்தது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியுமே, அதேதான். அந்த விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சின்னக் கீறலில்தான் தொடங்கும்.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் இயல்பான ஒரு அதிர்வு வேகம் இருக்கிறது. இன்ஜின் வேகம் அதோடு ஒத்துப்போகும்போது சுருள்களுக்குள்ளேயே அலை ஓட ஆரம்பிக்கும். அப்போது வால்வு கேமின் பேச்சைக் கேட்காது. இதற்குக் கண்ட வைத்தியம், ஒரு ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங். இரண்டின் அதிர்வு வேகமும் வேறு வேறு என்பதால் ஒன்று ஆடும்போது மற்றது அடக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வை விழாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் எதிரெதிர் திசையில் சுற்றியிருப்பார்கள். உடைந்த சுருள் மற்றதற்குள் புகுந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. எவ்வளவு அனுபவப்பட்டிருந்தால் இது தோன்றியிருக்கும்!

பெரிய திருப்பம் 1930களில் வந்தது. ஸ்பிரிங்குகளின் மேல் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்தால் அவை நெடுநாள் உழைக்கின்றன என்று அமெரிக்காவில் கண்டுகொண்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் ஆல்மென் இதை முறையாக ஆராய்ந்தார். குண்டு அடித்த இடமெல்லாம் மேற்பரப்பு உள்நோக்கி இறுகிவிடுகிறது. இறுகிய பரப்பில் விரிசல் வாய் திறக்க முடியாது. அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்று அளக்க அவர் உருவாக்கிய மெல்லிய தகடு இன்றைக்கும் ஆல்மென் ஸ்ட்ரிப் என்ற பெயரில் விமான பாகத் தொழிற்சாலைகளில் பயன்படுகிறது. கம்பிக்கான எஃகும் வருஷத்துக்கு வருஷம் சுத்தமாகிக்கொண்டே வந்தது.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்றும் சிலர் முடிவெடுத்தார்கள். 1954ல் மெர்சிடிஸ் டபிள்யூ 196 பந்தயக் காரிலும், 1956ல் ஃபாபியோ தாக்லியோனி வடிவமைத்த டுகாட்டி 125லும் வால்வை மூடுவதற்கும் கேமே வேலை செய்தது. டுகாட்டியில் திறக்க ஒரு ராக்கர், மூட ஒரு ராக்கர். 1986ல் ரெனோ தன் ஃபார்முலா 1 இன்ஜினில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்தமேற்றிய வாயுவை வைத்தது. ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஓட்டும் வண்டிகளில் கடைசியில் ஜெயித்தது குண்டடி பட்ட சாதாரண ஸ்பிரிங்தான்.

இடைக்காலத்து இன்ஜின்

இப்போது எங்கள் வாசலுக்கு வருவோம். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தின் முன்னோடி 1947ல் ஆஸ்டின் ஏ40 காரில் வந்தது. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசிதான். மேற்கு வங்கம் உத்தர்பாராவில் 1959 முதல் இது அம்பாசிடரில் ஏறியது. அதற்கு முன்பு அதில் இருந்தது ராக்கர் இல்லாத பக்கவால்வு இன்ஜின்.

இந்த இன்ஜினை இடைக்காலத்தது என்று சொல்வேன். ஸ்பிரிங் ஓரளவு நம்பிக்கைக்கு உரியதாகிவிட்டது. அதனால் ராக்கர்களுக்கு மேல் தகர மூடி வந்துவிட்டது, எண்ணெயும் உள்ளேயே ஓடுகிறது. ஆனால் ஓட்டுபவர் திறந்து பார்ப்பார் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. மூடிக்கு இரண்டே நட்டு. கழற்றினால் எட்டு ராக்கரும் ஒரே தண்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும்.

முதலில் எங்கள் சத்தத்தின் காரணம் புரிந்தது. ராக்கரின் மூக்கு, வால்வுத் தண்டை லட்சக்கணக்கான முறை தட்டித் தட்டி, தண்டின் அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருந்தது. டேப்பெட் வைக்கும்போது ஃபில்லர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை இடைவெளியில் விட்டு அளக்கிறோம். எங்கள் வண்டிக்கு 15 தௌ. ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு, மில்லிமீட்டரில் 0.38. ஆனால் தகடு குழிக்குள் இறங்காது, குழியின் கரைமேல் பாலம் மாதிரி நிற்கும். அளவு 15 என்று காட்டும். நிஜ இடைவெளியோ 15ம் குழியின் ஆழமும் சேர்ந்தது. எத்தனை தடவை டேப்பெட் வைத்தாலும் சத்தம் போகாததன் ரகசியம் இதுதான். அளவுகோல் பொய் சொல்லவில்லை, அளந்த இடம் தப்பு. சாஃப்ட்வேரில் இந்த மாதிரி பிழையோடு ராத்திரி முழுக்க முட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

ஜி.பி. ரோட்டில் எட்டு ராக்கர், ஒரு ராக்கர் ஷாஃப்ட், ஸ்பிரிங் செட், ஹெட் கேஸ்கெட் வாங்கினேன். ராக்கர் மட்டும்தானே, ஹெட்டை எதற்குத் தொட வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் இந்த இன்ஜினின் ஒரு குணம் இருக்கிறது. ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தில் நின்று கோணிக்கொள்ளலாம், தண்ணீரும் கசியலாம். அதனால் முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, பதினொரு ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அவ்வளவு செய்த பிறகு ஹெட்டையே இறக்கிவிடுவது மேல்.

புஷ் ராடுகளை உருவும்போது மெக்கானிக் அண்ணன் ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு 1 முதல் 8 வரை எழுதிக் கொடுத்தார். "எது எங்க இருந்துச்சோ அது அங்கதான் போகணும். இத்தனை வருஷமா ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சு பழகியிருக்கு." இன்னொன்றும் சொன்னார்: உருவுவதற்கு முன்னால் ராடை லேசாகத் திருகி விட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய்ப் பிடிப்பில் கீழே இருக்கும் டேப்பெட்டும் கூடவே வந்து பாதியில் விழும்.

ஹெட்டை மேஜையில் வைத்து, வால்வுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரஸரால் அழுத்தினால் இரண்டு சின்ன வால்வு லாக் தெரியும். அவற்றை எடுத்தால் ஸ்பிரிங் விடுதலை. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள். என் கை நழுவிப் பறந்த ஒரு லாக் அரை மணி நேரம் கழித்து வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடைத்தது. கண்ணில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது.

ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். பழையதையும் புதியதையும் முனையோடு முனை வைத்து ஒரு வைஸில் இறுக்குங்கள். எது அதிகமாக அமுங்குகிறதோ அது சோர்ந்தது. எங்கள் எட்டில் மூன்று நன்றாகவே அமுங்கின.

எல்லாம் மாட்டிய பிறகு டேப்பெட். இதற்கு ஒன்பது கணக்கு என்று ஒரு அழகான வழி இருக்கிறது. முதல் வால்வை அளக்க வேண்டுமானால் எட்டாவது முழுக்கத் திறந்திருக்க வேண்டும். மூன்றை அளக்க ஆறு. ஐந்தை அளக்க நாலு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. நாலு சிலிண்டரின் வரிசைக்கும் கேம் மேடுகளின் அமைப்புக்கும் பிறந்த கணக்கு இது. ஸ்டார்ட் பண்ணியபோது ஷெட்டில் கேட்டது இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும்தான். சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவர் இருந்தப்போ இப்படித்தான் கேக்கும்" என்றார்.

ஒரு நட்டு, ஒரு கயிறு

இந்தப் பதினொரு நட்டுத் தொல்லைக்கு அமெரிக்காவில் 1955லேயே ஒரு விடை வந்துவிட்டது. அந்த வருஷம் வந்த ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினில் பொதுத் தண்டே இல்லை. தகட்டை அச்சில் அழுத்திச் செய்த ராக்கர் ஒவ்வொன்றும் தனித்தனி போல்ட்டில், ஒரு அரைக்கோளக் குண்டின் மேல் ஆடும். பாண்டியாக்கில் வேலை பார்த்த கிளேட்டன் லீச்சின் யோசனை அது. நோக்கம் எடையும் விலையும் குறைப்பது. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் ஒரு ராக்கர் கைக்கு வந்துவிடும், ஹெட் அசையாது.

அப்படியானால் ஹெட்டை இறக்காமலே ஸ்பிரிங்கையும் மாற்றலாமா? வால்வு உள்ளே விழுந்துவிடாதா? வீட்டு மெக்கானிக்குகளிடம் அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகப் பருத்திக் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே திணித்து, முனையை வெளியே விட்டு, பிஸ்டனைக் கையால் மேலே கொண்டுவர வேண்டும். கயிற்று மெத்தை வால்வை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிஸ்டனை இறக்கிக் கயிற்றை உருவிவிடலாம். 2011க்குள் இந்தக் குடும்பத்து இன்ஜின் பத்துக் கோடி செய்யப்பட்டுவிட்டது. எத்தனை வீட்டு ஷெட்களில் எத்தனை கயிறுகள் உள்ளே போய் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூடி இறுகிய கதை

அதற்குப் பிறகு நடந்ததை நம் ஊர்ச் சாலைகளிலேயே பார்த்தோம். 1983ல் வந்த மாருதி 800ல் கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்கே ஏறிவிட்டது, ஒரு பெல்ட் அதை ஓட்டியது. புஷ் ராடு போயிற்று. ராக்கர் இருந்தது, டேப்பெட் வைக்கவும் முடிந்தது. ஆனால் ஸ்பிரிங் வரைக்கும் போக வேண்டுமானால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது குறி தப்பக் கூடாது. அடுத்து வந்த பல இன்ஜின்களில் ராக்கரும் மறைந்தது, கேம் நேராகவே வால்வின் தலையில் அமர்ந்தது. டேப்பெட் வைக்கும் வேலையை எண்ணெய் அழுத்தமே பார்த்துக்கொள்ளும் வண்டிகளும் வந்தன.

இதை யாரோ செய்த சதி என்று எழுதுவது சுலபம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ஸ்பிரிங் உடைந்த காலத்தில் அதைக் கைக்கு எட்டும்படி வைத்தார்கள். உடைவது நின்றதும், கைக்கு எட்ட வேண்டிய அவசியம் போனது. அந்த இடத்தை வேகத்துக்கும் மைலேஜுக்கும் சத்தக் குறைவுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். என் ஆபீஸ் காரின் ஸ்பிரிங் அந்தக் கார் சாகும் வரைக்கும் உடையாமலே இருக்கலாம். அது நல்ல விஷயம்தான்.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. திறக்க வேண்டிய தேவை போனபோது, திறக்கத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். ஒன்பது கணக்கை எனக்குச் சொன்ன மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் கடைப் பையனுக்கு இன்ஜினில் பிழை வந்தால் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கத் தெரியும். குழி விழுந்த ராக்கரின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் அவனுக்கு இதுவரை வந்ததில்லை. அன்றைக்குக் கழற்றிய எட்டு ராக்கரில் ஒன்றை அவனிடம் கொடுத்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். "அட, ஆமா சார்" என்றான்.

மிச்சம் ஏழும், எண் எழுதிய அந்த அட்டையும் என் மேஜையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பழைய வண்டி ஏதாவது டக்டக் என்று சத்தம் போட்டால், டேப்பெட்டை இன்னொரு தடவை இறுக்குவதற்கு முன்னால் ராக்கரின் மூக்கை ஒரு முறை பாருங்கள்.